காது மெஷின் பேட்டரியும் நாணய மதிப்புக் குறைப்பும் குறித்து

அனுப்புநர்:
தையல் இயந்திர மெக்கானிக்,
ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, இரண்டாம் தளம்.
(அறிவிப்பில் கேட்டபடி பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
நாணய மதிப்பு ஆலோசனைக் குழு,
மத்திய வங்கித் தலைமை அலுவலகம்.

பொருள்: நாணய மதிப்பை இரண்டாம் முறையாகக் குறைப்பது பற்றிப் பொதுமக்களிடம் கருத்து கேட்டது – அதற்கு முன்னதாகக் காது கேட்கும் கருவியின் பேட்டரியைச் சலுகைப் பட்டியலில் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: செய்தித்தாளில் வெளிவந்த தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் நாணயத்தின் மதிப்பை மறுபடியும் குறைக்கலாமா என்பது பற்றி யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று தாங்கள் அறிவித்திருப்பதைப் படித்தேன். யார் வேண்டுமானாலும் என்பதில் நானும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பொருளாதாரம் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம். ஆகவே சொல்லும் முறையில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

2. முதல் முறை மதிப்பைக் குறைத்த செய்தி வந்த அன்று எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மேலாளர் நாற்காலி மேல் ஏறி நின்று, "இனிமே நம்ம காசு இறங்கும், நம்ம சட்டை ஏறும்! வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம சட்டை சல்லிசா கிடைக்கும். ஆர்டர் வந்து குவியப் போவுது பாருங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே தட்டினேன். என் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும் தட்டினேன்.

3. மேலாளர் சொன்னது பொய்யில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆர்டர் வந்தது. இரவு ஷிப்ட் தொடங்கினார்கள். பூட்டிக் கிடந்த மூன்றாம் தளத்தைத் திறந்து மெஷின் போட்டார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண், கணவர் கைவிட்டுப் போய் இரண்டு பிள்ளைகளோடு தவித்தவள், இன்று அங்கே பித்தான் தைக்கிறாள். மதிப்பைக் குறைக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்த முக்காலி கிடைத்திருக்காது. இந்த மனுவை எழுதும்போது அவள் முகம் என் எதிரில் இருக்கிறது. அதனால்தான் ஒரே வரியில் "குறைக்காதீர்கள்" என்று எழுதி உறையை ஒட்ட என்னால் முடியவில்லை.

4. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சில மாதங்களில் எங்கள் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால் நான் அதன் அடியில் படுத்திருந்தேன். மேலாளரும் அவர்களும் என் தலைமாட்டிலேயே நின்று பேசினார்கள். அவர்கள் போன பிறகு மேலாளர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்க காசுதான் இறங்கிடுச்சே, அப்ப சட்டை விலையையும் இறக்குங்கன்னு கேக்கறாங்கய்யா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

5. ஐயா, எங்கள் சட்டைக்குத் துணி வெளிநாட்டிலிருந்து வருகிறது. நூல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஜிப், பித்தான், காலருக்குள் வைக்கும் அட்டை, நான் மாற்றும் ஊசி, நான் ஊற்றும் எண்ணெய் எல்லாமே கப்பலில்தான் வருகின்றன. அவற்றின் விலை எல்லாம் ஏறிவிட்டது. தைக்கும் கை ஒன்றுதான் உள்நாட்டுச் சரக்கு. சட்டையில் எதன் விலை குறைந்தது என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் கையின் விலைதான் குறைந்திருக்கிறது. இதை நான் டீ குடித்த அன்றே யோசித்திருக்கலாம். பிஸ்கட் நன்றாக இருந்தது.

6. இனி என் சொந்தக் குறைக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே இரண்டு காதும் மந்தம். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்திருக்கிறாள். அது இருந்தால் மற்ற பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் சாதாரணமாகப் படிப்பாள், சாதாரணமாகவே சண்டையும் போடுவாள். மெஷினுக்குள் சட்டைப் பித்தானைவிடச் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. அது வாரக்கணக்கில்கூட வராது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் கப்பலில்தான் வருகிறது.

7. மதிப்பைக் குறைத்தபோது மருந்து, குழந்தைப் பால்மாவு, மருத்துவக் கருவிகள் ஆகியவற்றைப் பழைய மாற்று விகிதத்திலேயே இறக்குமதி செய்யலாம் என்று அரசு ஒரு சலுகைப் பட்டியல் வெளியிட்டது. அந்த நல்ல மனதுக்கு நன்றி. காது மெஷின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதன் பேட்டரி இல்லை. சுங்கத்துறையில் அதைப் பொம்மைக்கும் கைக்கடிகாரத்துக்கும் அலங்கார விளக்குக்கும் போடும் பேட்டரிகளோடு சேர்த்து ஆடம்பரப் பொருளாக வைத்திருக்கிறார்கள். அதனால் அதன் விலை எகிறிவிட்டது. மெஷினை மலிவாக வாங்கலாம், ஓட விட முடியாது. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு மெஷினை நான் வாங்கி வைத்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

8. மேற்படி விலையேற்றத்தைப் பற்றி என் மகள் என்னிடம் ஒரு வார்த்தையும் முறையிடவில்லை. நான்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். இரவுச் சாப்பாட்டில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வது என் பழக்கம். என் மனைவி அதற்குச் சிரித்துப் பல வருடங்கள் ஆகின்றன. மகள்தான் என் ஒரே ரசிகை. ஒரு நாள் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "குழாயில தண்ணி நின்னு போச்சும்மா" என்றேன். அது வேடிக்கையில்லை, உண்மையாகவே தண்ணீர் நின்றுவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

9. என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடி சொன்னாள்: "அவ மெஷினை வீட்ல ஆஃப் பண்ணி வெச்சிருக்கா. ஸ்கூலுக்கு மட்டும்தான் ஆன். ஆஃப்ல வெச்சா பேட்டரி கூடக் கொஞ்ச நாள் வருதாம். உங்க புருவத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளா சிரிச்சிட்டிருக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." நான் மகளின் தோளைத் தொட்டு, மெஷினைப் போடச் சொல்லி, ஏன் இப்படி என்று கேட்டேன். "அப்பா, வீட்ல நீங்க என்ன பேசுவீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்பா. கணக்கு டீச்சர் என்ன பேசுவாங்கன்னுதான் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு மெஷினை மறுபடியும் ஆஃப் செய்துவிட்டாள். கணக்கு ஆசிரியை என்னைவிடப் பயனுள்ளவர் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

10. எங்கள் தையல் கூடத்தில் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். காதால் கேட்டு அங்கே யாரும் பேசுவதில்லை. எதிர் வரிசையில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்போம். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கும் அது நன்றாகவே வரும். வீட்டிலும் அப்படியே பேசலாம் என்று மகளை எதிரில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, மேல் உதடே தெரியல" என்றாள். கல்யாணத்துக்கு முன்பிருந்து நான் வைத்திருந்த மீசையை மறுநாள் காலை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் யாரோ கடன் கேட்க வந்தவர் போல இருந்தது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர், "என்ன மெக்கானிக், மூஞ்சியையும் சர்வீஸ் பண்ணிட்டியா? பார்ட்ஸ் ஏதோ திரும்பப் போடாம விட்டுட்டியே!" என்று கேட்டார். கூடமே சிரித்தது. சத்தம் கேட்கவில்லை, உதடுகளில் பார்த்தேன். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. மதிப்புக் குறைப்பினால் ஏற்பட்ட இழப்புகளைத் தாங்கள் கணக்கெடுக்கும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

11. வீட்டோடு நின்றிருந்தால் இந்த மனு தேவைப்பட்டிருக்காது. இந்தப் பருவத்திலிருந்து அவள் பள்ளியிலும் ஒரு காதுக்கு மட்டும் பேட்டரி போடுகிறாள். ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொல்வது அவளுக்குச் சேருவதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி வைக்கிறாள். தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, அன்பாகத்தான், "கெட்டிக்காரப் பொண்ணுங்க. ஆனா இப்படியே போனா அடுத்த வகுப்புல ரொம்பப் பின்தங்கிடுவா. வெளியூர்ல காது கேக்காத பிள்ளைங்களுக்கு விடுதியோட ஒரு பள்ளி இருக்கு. யோசிச்சுப் பாருங்க" என்றார். அந்தப் பள்ளியைக் குறைவாகச் சொல்லவில்லை. அங்கே படிக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகள் பேட்டரி இருந்தால் கேட்கிறவள். பேட்டரி விலைக்காக அவளை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இன்னொரு முறை மதிப்பைக் குறைத்தால் அந்த ஒரு காதும் எங்களால் முடியாது. கூடுதல் நேர வேலை அத்தனையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

12. இது குறித்துச் சுங்க அலுவலகத்துக்கும் நேரில் சென்றேன். வரிசையில் காத்திருந்து, பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். எழுத்தர் எட்டிப் பார்த்து, "வட்டமா இருக்கு, சின்னதா இருக்கு. அப்ப பொம்மை பேட்டரி வரிசைதான்" என்றார். "சார், எம் பொண்ணு பொம்மை இல்லைங்களே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்குப் புரியுதுண்ணே. ஆனா என் கையில இருக்கறது ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான். அதை எங்க குத்தணும்னு மேல இருக்கறவங்கதான் சொல்லணும். மேல எழுதுங்க" என்றார். தாங்கள்தான் மேல் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த எழுத்தர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

13. ஆகவே தாங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: சொந்த விளைச்சலையும் சொந்தச் சரக்கையும் விற்கிற நாடு தன் காசை இறக்கினால் அதற்கு ஆதாயம் இருக்கலாம். எல்லாவற்றையும் வெளியே வாங்கி, கைவேலையை மட்டும் சேர்த்து விற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கிடைக்கிறது, அந்த வேலையின் பயன் கப்பலில் திரும்பிப் போய்விடுகிறது. நூலும் துணியும் இங்கேயே ஆகும் காலம் வரை பொறுத்துக் குறைப்பது நல்லது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வாள். அவளையும் தாங்கள் கேட்க வேண்டும். நான் கை தட்டியது மட்டும் தவறு. எதற்குத் தட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் தட்டினேன்.

14. குறைப்பதென்றே தாங்கள் முடிவு செய்தாலும், அந்த உத்தரவு வெளிவருவதற்கு முன் காது கேட்கும் கருவியின் பேட்டரியைப் பொம்மை வரிசையிலிருந்து எடுத்து மருத்துவப் பொருள் வரிசையில் சேர்க்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாட்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் வராது. கப்பலில் அது பிடிக்கும் இடமும் மிகக் கொஞ்சம். அடுத்த பருவத்துக்கு முன் செய்தால் என் மகள் இதே பள்ளியில் இருப்பாள். அதற்குப் பிறகு செய்தால் வேறு யாருடைய மகளுக்கோ பயன்படும். அதற்கும் நன்றியுடையவனாக இருப்பேன், ஆனால் முகம் கொடுத்து நன்றி சொல்ல வருவேனா என்று உறுதி சொல்ல முடியாது.

15. கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். மனு கொடுத்தவர்களை நேரில் அழைத்து விசாரிக்கப் போவதாக அறிவிப்பில் உள்ளது. அழைத்தால் மகளையும் கூட்டி வர அனுமதி வேண்டும். பெரியவர்கள் என்ன முடிவு செய்கிறார்கள் என்று தன் காதாலேயே கேட்க வேண்டும் என்கிறாள். அன்றைக்கு இரண்டு காதுக்கும் பேட்டரி போட்டுக்கொண்டு வருவாள். எனவே அன்று மட்டும் குழுவினர் வரவேற்புரை, முன்னுரை, பாராட்டுரை ஆகியவற்றைத் தவிர்த்து, செய்யப் போவதை மட்டும் நேரடியாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்குச் செலவு.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து,

பணிவுடன்,
(ஒப்பம்)
தையல் இயந்திர மெக்கானிக்,
ஏழாம் வகுப்பு மாணவியின் தகப்பனார்.

இடம்: வீடு
நாள்: மனு அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தைய நாள்

இணைப்பு: தீர்ந்துபோன பேட்டரி ஒன்று, பார்வைக்காக. திருப்பி அனுப்பத் தேவையில்லை.