அக்கா யாருக்குச் சொந்தம்

ஜூன் 3, திங்கள்

முத்தியால்பேட்டைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். நுரையீரல் ரொம்பக் கெட்டுவிட்டது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சிலும் சொன்னாள்: மோசமானால் தொண்டையில் குழாய் போடக் கூடாது, வீட்டிலேயே போய்விட வேண்டும், வீடு தனக்கொடிக்கு. உயிலைப் பதிவுகூடச் செய்துவிட்டாளாம்.

வீடு போகட்டும், எனக்கு மூலக்குளத்தில் வீடு இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் தனக்கொடியிடம் பேசி முடித்துவிட்டு, கூடப் பிறந்த எனக்குக் கடைசியில் தகவல் சொல்கிறாள். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சிநேகிதி; கல்யாணம் செய்துகொள்ளாத இரண்டு பேரும் முப்பது வருஷமாக ஒரே வீட்டில். அக்காவை 'ராஜி' என்கிறாள். எங்கள் அம்மாகூட ராஜாம்பாள் என்று முழுசாகத்தான் கூப்பிடுவாள்.

ஜூன் 9

நான் கொண்டுபோன கஞ்சி அப்படியே இருந்தது. தனக்கொடி வைத்த ரசத்தை அக்கா குடித்தாள்.

ஜூன் 14

நான் போயிருந்தபோதே அக்காவுக்கு நினைவு தப்பியது. தனக்கொடி தடுக்கத் தடுக்க நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

வென்டிலேட்டர் வைக்கட்டுமா என்றார் டாக்டர். "வேணாம் சார், அவங்களே வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றாள் தனக்கொடி. நீங்கள் யார் என்று கேட்டார். சிநேகிதி என்றாள்.

"நான் கூடப் பொறந்த தங்கச்சி" என்றேன். சொல்லும்போது ஒரு சந்தோஷம் – ஆமாம், சந்தோஷம்தான். எங்கள் அண்ணனும் போனில் வைக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். சொந்தக்காரர்கள் மட்டும்தான் என்று அவளை ஐசியூவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போனேன்.

ஜூன் 17

அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. வாயில் குழாய். அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். நான் இங்க நிக்கிறனே அக்கா – நான் போதாதா உனக்கு?

குழாயை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தாள். வீட்டுக்கா? மறுபடியும் அப்படியே. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

தனக்கொடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கே போகவில்லை போல. "உள்ள வாங்க. உங்களத்தான் தேடுறா" என்றேன்.

ஜூன் 18

எடுக்கக் கூடாது என்று அண்ணன் கத்தினார். குழாயை எடுத்து, எங்கள் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

ஜூன் 20

மதியம் அக்கா போய்விட்டாள். தலை தனக்கொடி மடியில். எனக்குக் கால்தான் கிடைத்தது.

ஜூலை 7

கருமாதி முடிந்ததும் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். உயிலை எதிர்த்து வழக்குப் போட வேண்டுமாம், நானும் சேர வேண்டுமாம். எவளோ ஒருத்திக்கு நம் வீடா என்கிறார். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை.

"அவ சம்பாதிச்சு வாங்கின வீடுண்ணே. ஒரு தடவ அவ பேச்ச மீறினது போதும். நான் வரல" என்றேன்.

ஜூலை 14

முத்தியால்பேட்டை போயிருந்தேன். தனக்கொடி காபி போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ராஜி சின்ன வயசுல எப்படி இருப்பா? எங்கிட்ட அவ்வளவா சொன்னதில்ல" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அக்காவும் நானும் கடற்கரையில் மழையில் நனைந்த கதையைச் சொன்னேன். சிரித்தாள், அழுதாள். இன்னொன்று சொல்லச் சொன்னாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது அக்கா எனக்கு மட்டும் காதில் சொன்னது ஒன்று உண்டு. வாய்வரை வந்தது.

நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன்.