புகையில்லா உலைக்குப் புகை

என் வீட்டு மேலதிகாரிக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் புது உலைக்கு நிலக்கரி வேண்டாம், ஹைட்ரஜன் வாயு போதும். இரும்புக்கல்லைக் கழுவிச் சலித்துப் போட்டால் புகையில்லாமல் இரும்பாகிறது. அந்தத் தைரியத்தில்தான் நீ தைத்த வெள்ளைச் சட்டையை வெளியே காயப்போட்டேன். நேற்று பத்திரிகைக்காரர்கள் ஆலையைப் படமெடுக்க வந்தார்கள். மேலாளர் அண்ணாந்து பார்த்தார்.

"புகையே காணோமே, ஆலை மூடிக் கிடக்குன்னு நினைச்சிருவாங்க. பழைய உலையில கொஞ்சம் கரியப் போடுங்கப்பா."

"ஐயா, புகை இல்லைங்கிறதத்தானே படம் எடுக்க வந்திருக்காங்க?"

"நீ கல்லச் சலி, போதும்."

பழைய உலையில் கரி போட்டார்கள், கரும்புகை கிளம்பியது. சட்டை கரியாகிவிட்டது, மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. இன்னொன்று தைத்து அனுப்பு. வெள்ளையாகவே தை, அந்த ஆள் எதிரே போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் குறைத்துக்கொள்.

சங்கு ஊதிவிட்டது.

திட்ட ஆளில்லாமல் இளைத்துப்போன
உன் வீட்டுக்காரன்