லோர்னா, நீங்கள் என் பின்னால் வந்தீர்களா?

அன்பான லோர்னா, என் சம்பந்தியே,

உங்கள் பிலிப்பீனோ மொழியில் என்னைப் ‘பலாயே’ என்று கூப்பிடுவீர்கள். இங்கிலிசில் இந்த உறவுக்கு ஒரு சொல்லும் இல்லையே என்று பிக்கரிங்கில் உங்கள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்று இருவரும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக ஓரிடத்தில் இருக்க முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

உங்கள் அடக்கத்தன்று நான் ஒரு பிழை விட்டேன். செத்தவீட்டுக்குப் போனால் நேரே வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டுத்தான் எதையும் தொடுவது எங்கள் வழக்கம். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் இறங்கினார்கள். தாயைப் புதைத்த கையோடு டோனட்டா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் காரை நிறுத்தாமல் நேரே மில்லிக்கனில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகுதான் என் மகன் கஜன் சொன்னான்.

“அம்மா, உது அவையின்ர வழக்கம். நேர வீட்ட வந்தால் செத்த ஆக்களும் பின்னால வந்திடுவினமாம். அதுக்குத்தான் இடையில எங்கயாவது இறங்கிறது.”

“உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?”

“நீங்கள் எப்ப ஆற்ர சொல்லைக் கேட்டனீங்கள்?”

அதன்பின் பல வாரமாக உங்கள் மகள் ஜோய் இங்கே வரவில்லை. ஞாயிறு தவறாமல் விட்பியிலிருந்து வந்து, வாசலிலேயே என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கிற மருமகள். நீங்கள் பழக்கிய மரியாதை அது. ஆறு மாத வயிறு வேறு. ஃபோன் எடுத்தால் களைப்பு என்றாள். இந்த வீட்டுக்கு வரப் பயப்படுகிறாளா? நாளைக்குப் பேரப்பிள்ளையையும் இங்கே விடமாட்டாளா? கேட்க வாய் வரவில்லை. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். உங்களைத் துரத்தத்தான், லோர்னா. மன்னித்துவிடுங்கள்.

போன ஞாயிறு மத்தியானம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள்.

“பயப்பிடாதை பிள்ளை, நான் மஞ்சள் தண்ணி தெளிச்சிட்டன். இஞ்ச ஒண்டும் இல்லை” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. கஜனிடம் பழகிய தமிழில் கேட்டாள்.

“மம்மா போயிட்டாவா?”

பிறகு அழுது அழுது இங்கிலிசில் கொட்டினாள். தமையன் சொன்னதால் தானும் அந்தக் கடையில் இறங்கினாளாம். உங்களை அங்கேயே தனிய விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறதாம். என் பின்னாலாவது வந்திருப்பீர்கள் என்று நம்பினாளாம். வந்து பார்த்து, இங்கேயும் நீங்கள் இல்லாவிட்டால் தாங்கமாட்டாள் என்றுதான் இத்தனை நாளும் வரவில்லையாம்.

நான் எப்படிப்பட்ட மடைச்சி!

“இருக்கிறா, பிள்ளை. என்ர மஞ்சள் தண்ணிக்குப் பயப்பிடுற ஆளோ அவ?” என்றேன். உண்மையா பொய்யா, எனக்கே தெரியாது. அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நாற்பதாம் நாளோடு ஆத்மா போய்விடும் என்கிறார்கள் உங்கள் ஆட்கள். அது வருகிற வெள்ளி. பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதம்தானே, பொறுக்க முடியாதா? பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பத்தியக் கறியும் வைப்பேன், முருங்கையிலை போட்ட உங்கள் கோழி சூப்பும் வைப்பேன். உப்புக் கூடினால் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். இனி உங்களைப் போகச் சொல்ல மாட்டேன், சத்தியம். உங்கள் மகளின் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் அப்பம்மா,
உங்கள் பலாயே