நம்ம ஊர் விலையில் ஏற்றிய பணம்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். கடையில் ஈ, காக்கை இல்லை. சனிக்கிழமை மகள் சாபிராவுக்குத் திருச்சியிலிருந்து விமானம். கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து இப்போதுதான் விசா வந்திருக்கிறது. துபாயில் மாப்பிள்ளையிடம் போகிறாள். வாடகைக் கார் வேண்டாம், நம் கரன்ட் வண்டியில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியாயிற்று. வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வேலை: பெட்டி எடை பார்க்க. ஊறுகாய் டப்பாவுக்கு டேப். வண்டிக்குச் சார்ஜ்.

நவ. 13, வியாழன்

புழுக்கம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சார்ஜ் நிலையத்துக்கு முதல் தடவை போனேன். இதுவரை வீட்டு பிளக்தான். இங்கே ஆப்பில் முன்பணம் ஏற்றினால்தான் கரன்ட் வரும். யூனிட் விலை பரவாயில்லை. சட்டென்று ஒரு யோசனை. திருச்சி போய்வரத் தேவையான பணத்தை மொத்தமாக இங்கேயே ஏற்றிவிட்டால் என்ன? நம்ம ஊர் விலை அல்லவா. காரைக்காலில் விலை குறைவு என்று, முப்பது வருஷமாக எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு சொட்டு பெட்ரோல் போட்டதில்லை நான். நாகூர் மச்சானே டேங்கை நிரப்ப இங்கேதான் வருவார்.

ஏற்றிவிட்டேன். பெருமை தாங்கவில்லை. வீட்டில் மனைவி மைமூனிடம் சொன்னேன்.

"காசத்தானே ஏத்துனீங்க, கரன்ட்டயா ஏத்துனீங்க?"

இவளுக்கு என்ன தெரியும்.

நவ. 15, சனி

கை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் நாகூர், கூத்தாநல்லூர் என்று இரண்டு வீட்டில் பயணம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பணம்தான் ஏற்றியாயிற்றே, வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று வண்டியைப் பாதி சார்ஜில்தான் எடுத்திருந்தேன். தஞ்சாவூர் வரும்போது பதினொரு சதவீதம். முதல் நிலையம் வேறு கம்பெனி. என் ஆப்பை அது சீண்டவே இல்லை. புது ஆப், புதுசாக முன்பணம் வேண்டுமாம். விலைப் பலகையைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. பகலுக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று, மேலே வரி, முடிந்தபின் வண்டியை எடுக்காவிட்டால் அதற்குத் தனி. போட்டுக்கிட்டுப் போயிடலாங்க என்றாள் மைமூன். நம்ம பணம் சும்மா கிடக்கிறதே என்று நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

ஊரைச் சுற்றி என் ஆப் கம்பெனியின் நிலையத்தைத் தேடிப் பிடித்தேன். நாலு சதவீதம். முன்னால் இரண்டு வண்டி. அங்கேயும் விலை அதிகம்! காரைக்காலில் ஏற்றிய பணம் என்று ஆப்பை நீட்டினேன். அங்கே வேலை பார்க்கும் அம்மா நிதானமாகச் சொன்னார்.

"காசு எங்க ஏத்துனீங்கங்குறது கணக்கே இல்ல சார். வண்டி எங்க நிக்குதோ அந்த இடத்து வெலைதான்."

பொறி கலங்கிப்போயிற்று. மணி ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜ் முடித்துக் கிளம்பிய ஒரு கும்பகோணத்துக் குடும்பம், அவர்களும் விமான நிலையம்தான். இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றார்கள். மைமூன் என் முகத்தைப் பார்க்காமலே பெட்டிகளை இறக்கினாள்.

"வெயில்ல நிக்காதீங்க வாப்பா. போய் எறங்கிட்டுப் பேசுறேன்" என்றாள் சாபிரா.

விமான நிலைய வாசலில் அவள் தலையில் கை வைத்து துஆ கேட்டு அனுப்பவேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தேன். கார் ஜன்னலில் கையைப் பிடித்ததோடு சரி. கார் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மைமூன் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தாள். சாபிரா உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

நவ. 16, ஞாயிறு

மழை. கடை திறக்கவில்லை. ஆப்பில் இன்னும் மிச்சம் காட்டுகிறது. திருப்பித் தரமாட்டார்களாம்.

சாபிரா பேசினாள். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாள். ஊறுகாய் கொட்டவில்லை. என் மேல் கோபம் இல்லையாம். நேற்று கார் கிளம்பும்போது பின்கண்ணாடி வழியாக என்னை ஒரு போட்டோ எடுத்தாளாம், அனுப்பியிருக்கிறாள்.

பார்த்தேன். மைமூனிடம் காட்டவில்லை. போட்டோவில் நான் விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.