டயருக்கு அடியில் நான் வைத்த பழம்

என் தங்கமே, தம்பி சேகரு,

நீ இருக்கிற இடத்திலாவது லாரிச் சத்தம் கேட்காமல் இருக்கட்டும்.

நேற்று பேத்தி கவிதா என்னைச் சூலியா தெருவில் ஒரு மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். மரம் வெட்ட வந்தவர்களைக் காட்டுப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் கை ஓங்காமல் மறித்த கதையைப் படம் எடுத்திருக்கிறார்களாம்.

"நான் வரலலா. என் தம்பிய அடிச்சுக் கொன்னப்ப சும்மா குந்தியிருந்த கூட்டம்டி அது."

"அதே காடுதான் பாட்டி. மூஞ்சியப் பாத்துத் திட்டிட்டு வரலாம், வா."

திட்டத்தான் போனேன்.

திரையில் மூங்கில் தடுப்பை ரம்பத்தால் அறுக்கிறார்கள். ஒரு கிழவனை முடியைப் பிடித்து இழுத்துச் சேற்றில் போட்டு மிதிக்கிறார்கள். பல் உடைந்து வாயில் இரத்தம் வழிய, அவன் எழுந்து மறுபடியும் அங்கேயே உட்காருகிறான். எனக்கு அவன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு கல்லாவது எடுக்கக் கூடாதா?

இந்த மக்கள் முன்னால்தானே நீ மரக்கட்டை லாரியை நிறுத்தினாய்? கட்டைகளைக் கட்டும் சங்கிலியாலேயே உன் முதலாளி தவுக்கேயின் அடியாட்கள் உன் முகத்தைச் சிதைத்தார்கள். சின்ன வயதில் நாய் கடித்த காதை வைத்துத்தான் பிணவறையில் உன்னை அடையாளம் சொன்னேன். "ஒருத்தரும் கை தூக்கலக்கா" என்றான், உன் பின்னால் லாரி ஓட்டி வந்தவன். அந்தச் சொல்லை இத்தனை வருசமும் நெஞ்சில் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு கிழவி திரையில் வந்தாள். மலாயில்தான் பேசினாள்.

"இந்தியன் டிரைவர் ஒருத்தன். எங்க மேல ஏத்த மாட்டேன்னு இறங்கிட்டான். அவன அடிச்சாங்க. திருப்பி அடிக்கக் கூடாதுன்னு நாங்க பேசி வச்சிருந்தோம். அதான், அவன் மேல படுத்துக்கிட்டேன்."

கோணிப்போன முழங்கையைக் காட்டினாள். உனக்கு விழ இருந்த அடி சேகரு, அவள் கையில் இருக்கிறது. பின்னால் வந்தவன் இதை ஏன் சொல்லவில்லை? ஓடியிருப்பான். அவனை மன்னிக்க மாட்டேன். தவுக்கே செத்தும் அவன் வீட்டைத் தாண்டும்போது துப்பிவிட்டுத்தான் போகிறேன்.

தாசேக் கெலுகோரில் நம் வீட்டு வாசலில், நீ கடைசியாகக் கிளம்பிய அன்றைக்கு லாரி டயருக்கு அடியில் தண்ணீர்மலைக் கோயில் எலுமிச்சம்பழத்தை வைத்தது நான்தான். "நசுக்கிட்டுப் போடா, எதுவும் குறுக்க வராது" என்றேன். குறுக்கே மனிதர்கள் வந்தார்கள். நீ நிறுத்தினாய்.

மறுபடியும் அங்கே லாரிகள் ஏறுகின்றனவாம். கவிதா காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாள். அந்தக் கிழவியின் பக்கத்தில் உட்காரப் போகிறேன். கை ஓங்க மாட்டேன், சத்தியம். வாய்க்கு மட்டும் சத்தியம் கேட்காதே. இந்த முறை டயருக்கு முன்னால் பழம் இருக்காது, நான் இருப்பேன்.

ஒருத்தனையும் மறக்காத
உன் பெரியக்கா