பல்லில் பறி

செவ்வாய், இரவு.

பெண்களையும் மீனவர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அரசிடம் பேசப்போகிற வெளிநாட்டம்மா இன்று எங்கள் ஊரான தோணிரேவுக்கு வந்தார். அவர் கேட்டால் சொல்லவேண்டிய பதிலை ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் வந்தபோது, ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்தேன்.

"நீங்க மீன் புடிக்கிறவங்களா?" கூட வந்த பெண் தமிழில் கேட்டாள்.

கரையிலிருந்த ஊர்த் தலைவர் முந்திக்கொண்டார். "அதுங்க சும்மா தடவுதுங்கம்மா. மீனவங்கன்னா நாங்கதான்."

கூட வந்த பெண் அதை மொழிபெயர்க்க, அந்தம்மா எழுதிக்கொண்டார். பல்லிலிருந்த பறியைக் கையில் எடுத்திருந்தால் நான் பேசியிருக்கலாம். ஆனால் கைக்குள் ஒரு இறால் துள்ளியது. அதை விட மனம் வரவில்லை. கார் போய்விட்டது.

ஒரே ஒரு இறாலுக்காக. இரவுக் குழம்பில், மற்ற இறால்களுக்கு நடுவே அது எதுவென்றுகூடத் தெரியவில்லை.