ஓரடி இல்லாத நாடா

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், புத்தூரைப் பிறப்பிடமாகவும் எனது காற்சட்டைப் பையை வதிவிடமாகவும் கொண்ட மஞ்சள் அளவு நாடா அவர்கள், இன்று காலை கொக்குவில் ஒழுங்கை ஒன்றில் சுருள் அறுந்து காலமானார். அன்னார் தமது முதலடியை முன்னரே இழந்தவர். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

மாமா, உங்களுடைய நாடாதான். அறிவித்தலைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு என் எல்லாப் பகிடிக்கும் சிரித்த ஒரே ஆள் நீங்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லி மாமி கேட்டார். "அந்த மதில் பகிடியை எழுதடா தம்பி, வாற சனம் சிரிக்கட்டும்." ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று நாளாக ஒரு வரியும் ஓடவில்லை.

அந்த உழவு இயந்திரம் நினைவிருக்கிறதா? எங்கள் ஊர்க் கொட்டில் ஒன்றில் கோழி முட்டையிடக் கிடந்த கிழடு. கனடாவிலிருந்து வந்த ஒருவர், தன் தகப்பன் உழுத இயந்திரம் என்று அதைத் தேடிப் பிடித்து, கொக்குவில் வீட்டு முற்றத்தில் நிறுத்தவேண்டும் என்றார். சேற்றுக்கென்று பூட்டிய இரும்புச் சில்லுகள் துருவில் இறுகி, கழற்ற வரவில்லை. ஒன்பதரை அடி அகலம். ட்ரெய்லரில் ஏற்றியபோது இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு, சின்னக் கதிரையில் இருந்த பெரிய மனிதரைப்போல இருந்தது.

அதற்கு முதல்நாள் கொக்குவிலுக்கு உங்கள் லொறியில் போகும்போதுதான் நாடாவை என்னிடம் தந்தீர்கள். "ஒழுங்கை முடக்கிலை ரெண்டு மதிலுக்கும் இடையிலை எவ்வளவு எண்டு பார். நாடாவிலை முதலடி அறுந்துபோச்சு, ஒண்டைக் கழிச்சுப்போட்டுச் சொல்லு." என்னைச் சந்தியில் இறக்கிவிட்டு, நீங்கள் கம்பி ஏற்றப் போனீர்கள். திரும்பி வந்து கேட்டபோது, "பத்தடி மாமா, தாராளம்" என்றேன்.

மறுநாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, லொறிச் சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்து நசித்து வெளிக்கிட்டோம். நான் சிவப்புத் துணியோடு முன்னால் ஓடினேன். "விலகுங்கோ, விலகுங்கோ, ராசா பவனி வாறார்!" பேருந்துகூட ஒதுங்கி நின்றது. நீங்கள் ஆமை வேகத்தில் ஓட்டினீர்கள். முப்பது வருடமாக ஏற்றிய சாமானிலோ போன வழியிலோ ஒரு கீறலும் விழவிடாத ஆள் என்றுதான் ஊர் உங்களைச் சொல்லும்.

முடக்கில் திரும்பியபோது இரும்புச் சில்லு மதிலில் ஏறியது. பத்தடி நீளத்துக்கு மதில் படுத்துவிட்டது. மதிலோரச் செம்பரத்தைச் செடியும் அதோடு போனது.

மதில் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அளக்கத் தெரியாமல் என்ன கோதாரிக்கு ஐசே இதை ஏத்திக்கொண்டு வந்தனீர்?"

சில்லை நெம்பி விலக்கக் கம்பி எடுக்க நீங்கள் லொறி ஆசனத்தின் கீழே கையை விட்டீர்கள். என்னிடம் இருக்கவேண்டிய நாடாவோடு கை வெளியே வந்தது. அதைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் திரும்பினீர்கள்.

"பெடியன் அளந்தது சரி. நாடாவிலை முதலடி இல்லை. நான்தான் கழிக்க மறந்திட்டன். மதிலை நான் கட்டித் தாறன்."

நாலு நாள் நீங்களே சீமெந்துக் கல் அரிந்து கட்டினீர்கள். நான் சாந்து குழைக்கக்கூட வரவில்லை. அந்த நாலு நாளும் வாசிகசாலை வாசலில் நின்று உங்களுக்குப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். "அறுபத்துமூன்று அடியாருக்கு அடுத்தவர் ஆர் தெரியுமோ? எங்கடை ஓரடியார்!" பட்டம் பற்றிக்கொண்டது. அகலச் சாமான் ஏற்றுகிறவர்கள் வேறு லொறி தேடத் தொடங்கினார்கள். "ஓரடியாரை நம்பி ஏத்தேலாது" என்று ஒருவர் உங்களுக்குக் கேட்கவே சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். நான் அதைவிடப் பெரிதாகச் சிரித்தேன். ஒருநாள் வேலிக்கு மேலால் நாடாவை நீட்டி, "இதை நீயே வைச்சிரு" என்றீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் செத்தவீட்டன்றும் பந்தலுக்குள் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "பாவம், ஓரடியாரும் போயிட்டார்." என் சொல். உங்கள் பேரை விட அதுதான் அங்கே அதிகம் கேட்டது.

இன்று காலை அந்த ஒழுங்கைக்குப் போனேன். நீங்கள் கட்டிய துண்டு இன்னும் நிறம் வேறாக நிற்கிறது. நாடாவை இழுத்துப் பிடித்தேன். ஒன்பதே முக்கால். ஓரடியைக் கழித்தேன். எட்டே முக்கால். விட்டபோது சுருள் அறுந்தது. அறுந்ததைத்தான் இப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

மாமி, இந்தப் பக்கத்தை அப்படியே அச்சுக்குக் கொடுங்கள். சோறு சாப்பிட வருகிற எல்லோரும் வாசிக்கட்டும். நான் சரியாக அளந்தேன், மாமாதான் மறந்தார் என்று இரண்டு வருடமாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். அளக்கச் சொன்ன அன்று நாடாவை லொறி ஆசனத்தின் கீழே செருகிவிட்டு இறங்கி, சந்தி மைதானத்தில் கிரிக்கெட் விளையாடினேன். ஒழுங்கைப் பக்கம் போகவே இல்லை. பத்தடி என்பது, லொறி வரக் கண்டு அவசரத்தில் வாயில் வந்த எண்.

மாமா, நீங்கள் கழிக்க மறக்கவில்லை. கழிப்பதற்கு நான் ஒன்றும் அளந்து தரவில்லை.